பாம்பன் காற்றுக்கு இத்தாலி வண்டி தாங்குமா?

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 27. வீடு பாம்பனில், வாசலில் நின்றால் கடல் தெரியும். மஸ்கட்டில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். இதுவரை அப்பாவின் ஸ்பிளெண்டர் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே இத்தாலியின் டுகாட்டி பைக் மேல் ஆசை. சென்னையில் ஒருவர் 2017 மாடல் டுகாட்டி ஸ்கிராம்ப்ளர் வைத்திருக்கிறார். 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஐந்தரை லட்சம் சொல்கிறார். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. அப்பா வத்தையில், அதாவது நாட்டுப்படகில், மீன்பிடி தொழிலுக்குப் போகிறவர். "இத்தாலிக்காரன் வண்டியைக் கொண்டுவந்து உப்பில் நிறுத்தப்போறியா" என்று ஒரே பிடியாக இருக்கிறார். வாங்கலாமா? இல்லை, வேறு இத்தாலி வண்டி ஏதாவது சொல்வீர்களா?

— பாம்பன் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகள் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த ஸ்கிராம்ப்ளர் வேண்டாம். ஆனால் இத்தாலி வண்டி ஆசையை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வருடத்தில் செய்வதற்கு நிறைய வேலை இருக்கிறது.

அப்பா உப்பைச் சொன்னது முழுக்கச் சரி. இத்தாலியைச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நம் கடற்கரை நாட்டுப்படகுகளில் டக்கடக்கவென்று ஓடிய கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சினை அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த லம்பார்டினி எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா. டுகாட்டியின் பொலோனியாவும் அதே எமிலியா-ரோமாக்னா மாநிலம்தான். மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற ஆப்பே லோடு ஆட்டோ இருக்கிறதே, அதுவும் பியாஜியோ என்ற இத்தாலிக் கம்பெனியுடையது. நம் அப்பாமார் ஓட்டிய பஜாஜ் சேட்டக்குக்கு மூலம் வெஸ்பா.

ஆக, இத்தாலி எஞ்சின் நம் உப்பில் நன்றாகவே பிழைத்திருக்கிறது. எப்படிப் பிழைத்தது? லம்பார்டினியை கிரீவ்ஸ் கம்பெனி இந்தியாவிலேயே செய்தது. ரிங்கு தேய்ந்தால் ரிங்கு கிடைத்தது. கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் கரையிலேயே இருந்தார். ஸ்பேரும் கைவேலை தெரிந்த ஆளும் கூடவே வந்தால் எந்த நாட்டு எஞ்சினும் இங்கே வாழும். இரண்டும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நம் நாட்டு எஞ்சினும் வாழாது. நீங்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் ஹெச்பி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

சரி, ஸ்கிராம்ப்ளருக்கு வருவோம். மோசமான வண்டி என்று சொல்லவே மாட்டேன். சென்னையில் பெரிய பைக் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். இரண்டு சிலிண்டர், 803 சிசி, ஏர் கூல்டு, 73 ஹெச்பி அளவில் தரும். ஸ்டார்ட் செய்தால் வருகிற சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த எஞ்சினுக்குள் டெஸ்மோ என்று ஒரு சங்கதி இருக்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

உங்கள் ஸ்பிளெண்டரில் வால்வைத் திறப்பது கேம் என்ற சுழலும் தண்டு, மூடுவது ஸ்பிரிங். உலகத்தில் பெரும்பாலான எஞ்சின் இப்படித்தான். டெஸ்மோவில் மூடுவதற்கும் ராக்கர் ஆர்ம் என்ற ஒரு நெம்புகோல் உண்டு. கேம் அதைத் தள்ளி வால்வை மூடும். ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர் 1950களில் பந்தய வண்டிக்காக இதை டுகாட்டியில் கொண்டுவந்தார். 1968இல் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கும் வந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஸ்பிரிங் பின்தங்கி வால்வு சரியாக மூடாமல் போகும் தொல்லை இதில் கிடையாது. அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் பக்கம் ஒரு இடைவெளி, மூடும் பக்கம் ஒரு இடைவெளி என்று இரண்டு அளவு பார்க்க வேண்டும். ஸ்கிராம்ப்ளரில் நாலு வால்வு, அதனால் எட்டு இடத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைய வேண்டும். அளவு தப்பியிருந்தால் அதைச் சரிசெய்ய ஷிம் என்ற சின்ன உலோகத் துண்டு போட வேண்டும். 12,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இந்த வேலை வரும். அந்த ஷிம் ராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் கிடையாது, என்னிடமும் கிடையாது.

இதைவிட முக்கியமானது பெல்ட். இந்த எஞ்சினில் கேமைச் சுற்றுவது ரப்பர் பெல்ட், இரண்டு இருக்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஐந்து வருடம் ஆனால் மாற்றிவிட வேண்டும். ரப்பருக்கு வயதுதான் கணக்கு. நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிற "9,000 கிலோமீட்டர்தான்" என்ற வரி எனக்குக் கலக்கத்தைத் தருகிறது. 2017இலிருந்து கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். அதாவது அந்த வண்டி பெரும்பாலும் நின்றிருக்கிறது. 12,000 வராததால் வால்வைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். பெல்ட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்" என்று பதில் வந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். அப்புறம் அந்த எஞ்சினுக்கு ஆகும் செலவை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை.

ஐந்தரை லட்சம் கொடுத்துவிட்டால் கையில் அரை லட்சம் மீதி. பெல்ட், வால்வு, பிரேக் ஆயில், டயர், பேட்டரி என்று முதல் மாதமே பல பத்தாயிரம் கேட்கும் வண்டி இது. நமக்குப் பக்கம் என்றால் சர்வீஸுக்கு சென்னை அல்லது கொச்சி. பாம்பனிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒரு சென்சார் கோளாறு வந்து மஞ்சள் விளக்கு எரிந்தால், அதைப் படித்துச் சொல்லும் கருவி வழியில் யாரிடமும் இருக்காது. லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஆறு லட்சம் வைத்திருப்பவர் ஐந்தரை லட்சத்துக்கு வாங்கக்கூடிய வண்டி இல்லை இது. புதிதாக வாங்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு, பழையதாகிவிட்டாலும் ஸ்பேர் விலை பத்து லட்ச வண்டியின் ஸ்பேர் விலைதான். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அடுத்தது, நீங்கள் இன்னும் ஸ்பிளெண்டர் மட்டுமே ஓட்டியவர் என்ற விஷயம். ஸ்பிளெண்டர் 8 ஹெச்பி, 112 கிலோ. அதிலிருந்து ஒரேயடியாக ஒன்பது மடங்கு சக்திக்குப் போகிறீர்கள். நம் ஊரில் கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று எடுத்துவிட்டால் 100 சிசியும் ஓட்டலாம், 1,200 சிசியும் ஓட்டலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த வண்டி பிறந்த இத்தாலியில் அப்படி விடுவதில்லை. அங்கே 18 வயதில் எடுக்கும் ஏ2 லைசென்ஸுக்கு 35 கிலோவாட்தான் உச்சவரம்பு. எடைக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வருடம் அதில் ஓட்டிய பிறகுதான் வரம்பில்லாத லைசென்ஸுக்குத் தேர்வு. 24 வயது ஆனவர் நேரடியாகப் பெரிய வண்டிக்குப் போகலாம், ஆனால் பெரிய வண்டியிலேயே ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். டுகாட்டியைச் செய்கிறவன் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிற சட்டம் இது. அதை நாமும் நமக்கு வைத்துக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரிலியா 457ஐப் பாருங்கள். உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு என் பதில் அதுதான். 35 கிலோவாட், நம் பேச்சில் 47.6 ஹெச்பி. பெட்ரோலோடு எடை 175 கிலோ. 35ஐ 175ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 0.2 வரும். புது ஆளுக்கு ஐரோப்பாவில் என்ன அனுமதியோ, அந்தக் கோட்டின் மேல் கால் வைத்து நிற்கிற மாதிரி செய்த வண்டி. ஏப்ரிலியாவின் ஊர் வெனிஸ் பக்கம் நோவாலே. 2004இலிருந்து அது பியாஜியோவின் கையில் இருக்கிறது. 457ஐச் செய்வது மகாராஷ்டிரத்தில் பாராமதித் தொழிற்சாலையில். ஆப்பே ஆட்டோ வருகிற அதே பாராமதிதான். லம்பார்டினி எஞ்சின் நம் கரையில் பிழைத்ததற்கு என்ன காரணமோ, அதில் ஒரு பாதியாவது இந்த வண்டிக்கு உண்டு.

ஆர்எஸ் 457 என்பது முன்பக்கம் மூடிய, குனிந்து ஓட்டும் வண்டி. 2023 டிசம்பரில் 4 லட்சத்து 10 ஆயிரம் ஷோரூம் விலையில் வந்தது. அதே எஞ்சினில், கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் ட்யூனோ 457, 2025இல் 3 லட்சத்து 95 ஆயிரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது, அதனால் இன்றைய ஆன் ரோடு விலையை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது ட்யூனோ. ராமநாதபுரம் கேணிக்கரை நெரிசலில் குனிந்த வண்டியை வெயிலில் நகர்த்திப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மதுரைக்கோ திருச்சிக்கோ நேரில் போய், எந்த இடத்தில் 457க்கு சர்வீஸ் செய்கிறார்கள், கிளட்ச் கேபிள், பிரேக் பேட், ஏர் ஃபில்டர் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். நேரில் கவுண்டரில் நின்று, "ஒரு கிளட்ச் லீவர் வேண்டும், இப்போதே பணம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை கீழே போடும்போது உடைவது அதுதான். எத்தனை நாளில் வரும் என்கிறார்களோ, அதுதான் அந்த வண்டியின் உண்மையான சர்வீஸ்.

மற்ற இத்தாலிப் பெயர்களைப் பற்றி இரண்டு வரி. பெனெல்லி 1911இல் பெசாரோவில் தொடங்கியது. 2005இலிருந்து சீனக் கம்பெனியுடையது. மோட்டோ மோரினியும் 2018இல் சீனக் கைக்குப் போனது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இத்தாலி என்ற பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மோட்டோ குஸ்ஸி எனக்கு மிகவும் பிடித்த கம்பெனி. செயின் கிடையாது, ஷாஃப்ட் என்ற தண்டில் ஓடும். துருப்பிடிக்கச் செயினே இல்லாத வண்டி நம் கரைக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஸ்பேரும் கைவேலையும் நமக்கு எட்டும் தூரத்தில் இல்லை, அதனால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

இனி உப்பு. இதில்தான் அப்பாவை நீங்கள் முழுசாகக் கேட்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குக் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் பெயிண்ட் என்று அத்தனை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். துருவை ஆராய்கிற காரைக்குடி சிக்ரி விஞ்ஞானிகள் அதற்கென்று மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். உலோகத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு நாட்டில் இவ்வளவு கடுமையான இடம் அதிகம் கிடையாது. அங்கேதான் உங்கள் வண்டி நிற்கப்போகிறது.

துரு எப்போது பிடிக்கிறது தெரியுமா? வண்டி ஓடும்போது இல்லை, நீங்கள் தூங்கும்போது. பகலில் காற்றில் வந்த உப்பு வண்டி மேல் மெல்லிய தூளாகப் படிந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த உப்பு ஈரத்தைத் தானே இழுத்து நீராகிவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்களே, அதுதான். நம் கரையில் ராத்திரி ஆனால் அந்த அளவை எட்டுவது சாதாரணம். விடியும் வரை உங்கள் வண்டியின் ஒவ்வொரு போல்ட் இடுக்கிலும் உப்புத்தண்ணி நிற்கும். அலுமினியக் கூட்டில் எஃகு போல்ட் மாட்டியிருக்கும் இடத்தில் நடுவே உப்புத்தண்ணி புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகும், போல்ட் உள்ளே இறுகிவிடும்.

போன வருடம் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பெரிய வண்டி என் பட்டறைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியம் இல்லை. கடல் பார்த்த வீட்டில் மூன்று மாதம் பிளாஸ்டிக் கவர் போட்டு நிறுத்திவிட்டு, உரிமையாளர் வெளிநாடு போயிருந்தார். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. டேங்கைத் தூக்கி, வயரிங் கப்ளரைப் பிரித்தேன். உள்ளே இருக்கிற உலோகப் பின் (pin) எதுவும் தெரியவில்லை, பாசி மாதிரிப் பச்சையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் பொடி உதிர்ந்தது. முன் ஃபோர்க் குழாயில் ஊசி முனை அளவுக்கு நாலைந்து புள்ளி. அந்தப் புள்ளி ஆயில் சீலைக் கிழித்து ஆயில் டிஸ்க் வரைக்கும் வழிந்திருந்தது. பிரேக் காலிப்பர் போல்ட் ஒன்றைக் கழற்ற ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினேன். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, மெல்லத் திருகியும் தலை ஒடிந்து கையில் வந்தது. கவர் போட்டதால் காப்பாற்றிவிட்டோம் என்று அவர் நினைத்திருந்தார். பிளாஸ்டிக் கவர் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் புழுக்கியிருக்கிறது.

அப்பா கரைக்கு வந்ததும் எஞ்சினுக்கு நல்ல தண்ணி ஊற்றுவாரா இல்லையா? அதே வேலைதான் இதற்கும். தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு தடவை. தண்ணி நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணியில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிற கதை. ஆர்ஓ மெஷினில் கழிவாக வருகிற தண்ணியைப் பிடித்து வண்டி கழுவுகிறார்கள் பல வீடுகளில்; தயவுசெய்து அது வேண்டவே வேண்டாம். குடிக்கிற தண்ணியிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. காவிரிக் குடிநீர் வருகிற நாளில் இரண்டு வாளி எடுத்துவையுங்கள், போதும். ஒரு வாளியில் உப்பு போக மெல்ல ஊற்றிக் கழுவி, இன்னொன்றில் துணி நனைத்துத் துடையுங்கள். வீட்டில் பெண்கள் குடம் சுமந்து கொண்டுவருகிற தண்ணியை ஹோஸ் வைத்துப் பீச்ச யாருக்கும் மனசு வராது, அந்த அளவு தேவையும் இல்லை.

காய்ந்த பிறகு செயினுக்கு மசகு எண்ணெய், மின் இணைப்புகளுக்குள் அதற்கென்று விற்கிற கிரீஸ், போல்ட் மரைக்குக் காப்பர் கிரீஸ், வெளியே தெரிகிற உலோகத்தில் துருத்தடுப்பு ஸ்ப்ரே. பிரேக் டிஸ்க்கில் மட்டும் ஒரு துளியும் படக்கூடாது. புது வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே என்னிடம் கொண்டுவந்தால், முக்கியமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி கிரீஸ் வைத்து, கம்பெனி சொன்ன இறுக்க அளவில் (டார்க்) திருப்பி மாட்டித் தருவேன். அது ஒரு நாள் வேலை. பத்து வருடத்துக்கு உதவும். நிறுத்துவதற்குக் காற்றாடுகிற, கடலுக்கு முதுகு காட்டிய ஒரு சுவர் மறைவு வேண்டும். கவர் போட்டே ஆக வேண்டும் என்றால் துணிக் கவர், அதுவும் வண்டியைத் துடைத்துக் காயவிட்ட பிறகு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். அதனால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உப்பு வண்டியைத்தான் தின்னும், ரோடு ஆளையே கேட்கும். பாம்பன் ரோடு பாலத்தில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்துகிற ஏற்பாடு இருந்தது. ஸ்பிளெண்டரில் உங்களுக்கு அந்தத் தள்ளல் பழக்கம்தான். ஆனால் வேகம் கூடக் கூட, அதே காற்று உங்களைப் பக்கத்துப் பாதைக்குத் தள்ளும் தூரமும் கூடும். பஸ் ஒன்று கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று, மறுபடி அடிக்கும். அந்த ஒரு நொடிதான் ஆபத்து. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்து, முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள்.

தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், காற்று மணலைக் கொண்டுவந்து தாரின் மேல் நாக்கு மாதிரி நீட்டிவைக்கும். முன் பிரேக்கை அந்த மணலில் தொடவே கூடாது. மீன் லோடு வண்டி போன பின்னால் ஐஸ் தண்ணி ரோட்டில் கோடாக வழிந்திருக்கும். வழுக்கும், உப்பும் கூட. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் சாயல்குடி வரைக்கும் ரோடு நேராகப் போவதைப் பார்த்தால் யாருக்கும் முறுக்கத் தோன்றும். சீமைக்கருவை மறைவிலிருந்து ஆடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு ஆடு வந்தால் அதோடு நிற்காது, பின்னால் பத்து வரும்.

இந்த ஒரு வருடத்தில் என்ன செய்யலாம்? ஒன்றரை லட்சத்துக்குள் 300, 350 சிசி அளவில் நம் ஊர் மெக்கானிக்குத் தெரிந்த செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்று எடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்காலை மூடும் பூட்ஸ் இப்போதே வாங்குங்கள். அடுத்த வண்டிக்கும் அதுவே ஆகும். காலையில் ஆள் இல்லாத மைதானத்தில் நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏபிஎஸ் துடிக்கும் வரைக்கும் பிரேக் பிடித்துப் பழகுங்கள். புது ஆட்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை. யூ டர்ன் எடுக்கும்போதும், சரிவில் நிறுத்தும்போதும், பயத்தில் முன் பிரேக்கை நறுக்கென்று பிடிக்கும்போதும்தான். ஒரு கச்சான், ஒரு வாடை இரண்டையும் அந்த வண்டியில் பாலத்தில் பார்த்துவிட வேண்டும். விற்கும்போது பெரிய நஷ்டம் வராது, மீதி நாலரை லட்சத்தில் பெரும்பகுதி வங்கியில் இருக்கும். வருடம் முடிந்தும் ஆசை அப்படியே இருந்தால் ட்யூனோவை ஓட்டிப் பார்க்கப் போகலாம், நானும் கூட வருகிறேன். டுகாட்டி எங்கேயும் போய்விடாது. உங்களுக்கு முப்பது வயது ஆகும்போது, கையும் பழகி, பணமும் சேர்ந்து, மதுரை வரைக்காவது சர்வீஸ் வந்திருந்தால் அந்தப் பேச்சை நானே உங்களிடம் எடுப்பேன்.

இடையில் சென்னை ஆளுக்கு அட்வான்ஸ் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். அனுப்பியிருந்தால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள், பேசிப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை திறந்திருக்கும், கூட்டம் இருக்காது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஸ்பிளெண்டரிலேயே வாருங்கள். அதன் செயின் கவரைக் கழற்றி, ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தையும் சைலன்சர் வளைவையும் மூன்று பேரும் குனிந்து பார்ப்போம். இத்தனை வருடம் அந்தக் கடற்கரையில் அதை வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று அங்கே எழுதியிருக்கும். மீதியை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.